ஐந்தெழுத்துப் பூட்டு

2005 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனம், டி.எஸ். என்ற தன் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு இலவச இணையச் சேவை ஒன்றைத் தொடங்கியது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளியோடு மட்டும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, இனிமேல் ஒசாகாவிலோ சிகாகோவிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவனோடு மாரியோ கார்ட் பந்தயம் ஓட்டலாம். வீட்டில் வைஃபை இருந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை. அந்த வைஃபையில் பழைய பூட்டு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டே இல்லாமல் இருக்க வேண்டும். புதிய பூட்டு போட்ட வீட்டுக்குள் அந்தக் கருவியால் நுழைய முடியாது.

அந்தப் பழைய பூட்டை எப்படி உடைப்பது என்பது 2001-லேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு விளையாட்டுச் சாமான், ஒரு வீட்டின் பாதுகாப்பை எப்படித் தீர்மானித்தது? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இன்றைக்கு நம் வீட்டில் கேமரா, விளக்கு, மின்விசிறி எல்லாம் வைஃபை கேட்டு நிற்கும்போது, அதே கேள்விதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

கம்பி இருந்த காலம்

விளையாட்டுக் கருவிகள் முதலில் இணையத்துக்குக் கம்பி வழியாகத்தான் போயின. 1998-ல் ஜப்பானில் வெளிவந்த சேகா ட்ரீம்காஸ்ட் தொலைபேசி மோடத்தோடு வந்தது. 2001-ல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஈதர்நெட் துளை இருந்தது, வைஃபை இல்லை. தொலைக்காட்சி ஹாலில் இருக்கும், மோடம் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நீலக் கம்பி சுவரோரமாக ஓடும். யாராவது தடுக்கி விழுவார்கள், அம்மா திட்டுவார். அந்தத் திட்டுக்குக் காரணமான கம்பியே வீட்டுக்குக் காவலாகவும் இருந்தது. கம்பிக்குள் ஓடுவதை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் ஒருவன் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். வாசல் கதவைப் பூட்டினால் இணையத்தையும் பூட்டியதாக அர்த்தம்.

வானொலி அலைக்கு வாசல் கிடையாது. 1985-ல் அமெரிக்காவின் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் அங்கேதான். பெரிய நிறுவனங்கள் சீந்தாத அந்தப் புறம்போக்கு நிலத்தில்தான் வைஃபை குடிசை போட்டது. 1997-ல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 802.11 என்ற தரநிலையை வெளியிட்டது. 1999-ல் வந்த 802.11பி, வேகத்தை விநாடிக்கு 11 மெகாபிட்டாக உயர்த்தியது. 'வைஃபை' என்ற வணிகப் பெயரும் அந்த ஆண்டில்தான் பிறந்தது.

கம்பிக்கு நிகர்

அலை சுவரைத் தாண்டும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. அதனால் 1997 தரநிலையிலேயே ஒரு பூட்டையும் வைத்தார்கள். அதன் பெயர் டபிள்யூ.இ.பி. 'கம்பிக்கு நிகரான அந்தரங்கம்' என்பது அதன் பொருள். பெயரிலேயே வாக்குறுதி இருக்கிறது. கம்பி எவ்வளவு காவல் தந்ததோ, அந்த அளவுக்கு இதுவும் தரும்.

அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது அரசியல். தொண்ணூறுகளில் அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை ஆயுதம்போல் நடத்தியது. வெளிநாட்டுக்கு விற்கும் பொருளில் 40 பிட்டுக்கு மேற்பட்ட சாவி இருந்தால் ஏற்றுமதிச் சிக்கல். அதனால் பூட்டின் சாவி 40 பிட்டோடு நின்றது. விசைப்பலகையில் தட்டினால் வெறும் ஐந்து எழுத்து! பிறகு 104 பிட் சாவி வந்தது. அது பதின்மூன்று எழுத்து.

இரண்டாவது கணக்கு. குறியாக்கத்துக்கு ஆர்.சி.4 என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். ரான் ரிவெஸ்ட் 1987-ல் உருவாக்கியது, வேகமானது, மலிவான சில்லிலும் ஓடும். ஆனால் அந்த முறையில் ஒரே சாவியை அப்படியே இரண்டு முறை பயன்படுத்தக் கூடாது. அதற்காக ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 24 பிட் தொடக்க எண் ஒன்றைச் சாவியோடு ஒட்டினார்கள். 24 பிட்டில் மொத்தம் 16,777,216 எண்கள்தான் உண்டு. கேட்பதற்குப் பெரிய எண்போல இருக்கும். விநாடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஓடும் ஒரு நெட்வொர்க் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் அதை முழுக்கத் தீர்த்துவிடும். பிறகு பழைய எண்களே திரும்ப வரும். ஒரே எண் இரண்டு முறை வந்தால், அந்த இரண்டு பொட்டலங்களையும் ஒப்பிட்டு, சாவி தெரியாமலே உள்ளே இருப்பதை ஊகிக்கத் தொடங்கலாம். பெர்க்கிலியைச் சேர்ந்த போரிசோவ், கோல்ட்பெர்க், வாக்னர் மூவரும் 2001-ல் இதை விளக்கினார்கள்.

மூன்றாவது அடி இன்னும் ஆழமானது. அதே 2001 ஆகஸ்டில் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர், தொடக்க எண்ணைச் சாவியோடு ஒட்டிய விதத்திலேயே ஓட்டை இருக்கிறது என்று காட்டினார்கள். குறிப்பிட்ட சில தொடக்க எண்கள் சாவியையே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டன. வெளியே உட்கார்ந்து பொட்டலங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் போதும், சாவி கையில் வந்துவிடும். இந்த ஷமீர், 1977-ல் ரிவெஸ்ட்டோடு சேர்ந்து புகழ்பெற்ற ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்தை உருவாக்கிய அதே ஷமீர்தான். பழைய சகா செய்த இயந்திரத்தை இவர் திறந்து காட்டினார். அந்த மாதமே ஏர்ஸ்நார்ட் என்ற இலவச மென்பொருள் வந்துவிட்டது. கணக்குத் தெரியாதவனும் இனி பூட்டை உடைக்கலாம்.

2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், பதின்மூன்று எழுத்துச் சாவியையும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள். மைலோ கலக்கிக் குடிக்கும் நேரம்கூட இல்லை.

புதிய பூட்டும் புதிய பொம்மையும்

தொழில்துறை சும்மா இருக்கவில்லை. 2003-ல் டபிள்யூ.பி.ஏ. என்ற இடைக்காலப் பூட்டு வந்தது. பழைய ரவுட்டர்களைத் தூக்கிப் போடாமல், உள்ளிருக்கும் மென்பொருளை மட்டும் மாற்றிப் போட்டு ஓட்டும்படி அதை வடிவமைத்தார்கள். 2004 ஜூனில் 802.11ஐ என்ற முழுமையான தரநிலை நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் டபிள்யூ.பி.ஏ.2 சான்றிதழ் தொடங்கியது. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை முத்திரை வேண்டுமென்றால் டபிள்யூ.பி.ஏ.2 கட்டாயம்.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு தேதியை வைத்துப் பாருங்கள். நிண்டெண்டோ டி.எஸ். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2004 நவம்பர் 21. புதிய பூட்டு வந்து இரண்டு மாதம். கருவிக்குத் தெரிந்ததோ பழைய பூட்டு மட்டும்.

காரணத்தைக் கருவியின் உடம்பிலேயே பார்க்கலாம். விலை 149.99 அமெரிக்க டாலர். நினைவகம் 4 மெகாபைட். 67 மெகாஹெர்ட்ஸும் 33 மெகாஹெர்ட்ஸும் ஓடும் இரண்டு சிறிய செயலிகள். வைஃபை வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்டைத் தாண்டாது. பள்ளிப் பையில் போட்டு இடித்தாலும் உடையாமல், ஒரு முறை சார்ஜ் போட்டால் பல மணி நேரம் ஓட வேண்டிய பொம்மை அது.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. டி.எஸ்.ஸின் வைஃபை மென்பொருள் ஒவ்வோர் ஆட்ட அட்டைக்குள்ளும் தனித்தனியாக இருந்தது. இணைய அமைப்புத் திரையே அந்த அட்டைக்குள்ளிருந்துதான் திறக்கும். அச்சடித்து விற்ற அட்டையைத் திருத்த முடியாது. பயனர் போடக்கூடிய அப்டேட் என்று ஒன்றும் அந்தக் கருவிக்கு இல்லை. அதே 2004-ல் ஜப்பானில் வந்த சோனியின் பி.எஸ்.பி.யும் முதலில் பழைய பூட்டோடுதான் வந்தது. ஆனால் 2005-ல் ஓர் அப்டேட் மூலம் டபிள்யூ.பி.ஏ.வைக் கற்றுக்கொண்டது. இரண்டு கருவியும் ஒரே பருவத்துப் பிள்ளைகள்; ஒன்றைப் பள்ளிக்கு அனுப்ப வழி வைத்திருந்தார்கள், இன்னொன்றுக்கு வைக்கவில்லை. 2006-ல் நிண்டெண்டோவே வெளியிட்ட வீ கருவிக்கு டபிள்யூ.பி.ஏ.2 தெரிந்திருந்தது. ஆனால் உலகம் முழுக்க 154 மில்லியன் விற்றது டி.எஸ். குடும்பம்தான்.

வீட்டுக்குள் நடந்த பேரம்

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். பிள்ளைக்குப் போக்கேமான் அட்டை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. வைஃபையும் இருக்கிறது. கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டினாலும் பிழை எண் வருகிறது. பிள்ளை அழுகிறது. கம்ப்யூட்டர் தெரிந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் வந்து ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வார்: "இந்தச் சாமானுக்குப் புது செக்யூரிட்டி புரியாது அக்கா. பழசுல மாத்தி விட்டுடறேன். வேலை முடிஞ்சிச்சு."

வேலை முடிந்ததுதான். ஆனால் ஒரு ரவுட்டருக்கு அன்றைக்குப் பெரும்பாலும் ஒரே பூட்டுதான். பிள்ளைக்காகப் பழைய பூட்டை மாட்டினால் அப்பாவின் மடிக்கணினி, அக்காவின் கல்லூரிக் கணினி எல்லாம் அதே ஐந்தெழுத்துக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். வீட்டின் மொத்தப் பலத்தையும் வீட்டிலேயே மலிவான கருவி தீர்மானித்தது.

வேறு வழிகளும் இருந்தன. நிண்டெண்டோ ஒரு சிறிய யு.எஸ்.பி. இணைப்பானை விற்றது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் செருகினால் அது டி.எஸ்.ஸுக்கு மட்டும் தனி வாசல் போலச் செயல்படும். ஆனால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிள்ளை விளையாடும் நேரமெல்லாம் கணினியும் ஓட வேண்டும். சிலர் பழைய ரவுட்டர் ஒன்றைத் தனியாக வைத்து, பிள்ளை விளையாடி முடித்ததும் சுவிட்சை அணைத்தார்கள். சிலர் பூட்டையே எடுத்துவிட்டு, கருவியின் முகவரி எண்ணைப் பட்டியலில் சேர்த்து, "நம்ம சாமான் மட்டும்தான் உள்ள வரும்" என்று நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதிக்கு அடிப்படை கிடையாது. வாசலில் காவலாளி பெயர்ப் பட்டியலோடு நிற்கிறார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே போகிறார். கேட்டுக்கொண்டிருந்தவன் அடுத்த நிமிடம் அதே பெயரைச் சொன்னால் காவலாளி என்ன செய்வார்? கருவியின் முகவரி எண் குறியாக்கம் இல்லாமல்தான் காற்றில் போகிறது.

"நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்று அன்று பலர் கேட்டார்கள். இரண்டு பதில்கள் சொல்லலாம்.

வங்கிகளின் பக்கங்கள் தனிக் குறியாக்கத்தோடு இருந்தன, உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் மின்னஞ்சலும் சமூக வலைத்தளங்களும் பெரும்பாலும் அப்படி இல்லை. ஜிமெயில் எல்லாருக்கும் முழுநேரக் குறியாக்கத்தை இயல்பாக்கியது 2010 ஜனவரியில்தான். ஃபேஸ்புக் அதைச் செய்து முடித்தது 2013-ல். அதுவரை வீட்டு வைஃபையின் பூட்டு திறந்தால், கடிதமும் திறந்த மாதிரிதான். வீட்டை விடுங்கள், பெரிய கடைகளே இதில் தப்பவில்லை. டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கச் சில்லறை நிறுவனத்திலிருந்து குறைந்தது 45.7 மில்லியன் கடன் அட்டை எண்கள் திருடப்பட்டது 2007-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய பூட்டை விட்டுப் புதியதற்கு மாற அந்த நிறுவனம் தாமதித்ததைக் கனடாவின் அந்தரங்க ஆணையர் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது பதில் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த வீட்டு அலை

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடியில் ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவர்தான் அடுத்த வீட்டின் ஹால் சுவர். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். நீங்கள் வைத்த ரவுட்டரின் அலையைக் குறைந்தது நான்கைந்து வீடுகள் வாங்கிக்கொள்ளும். மீன்குழம்பு வாசனைபோலத்தான், கேட்டுக்கொண்டு போவதில்லை.

2006 இறுதியில் 17 வயது இளையர் ஒருவர் அண்டை வீட்டின் வைஃபையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்காகச் சிங்கப்பூரில் குற்றம் சாட்டப்பட்டார். கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் அதிகபட்சமாக 3 ஆண்டு சிறையும் 10,000 வெள்ளி அபராதமும் விதிக்கலாம். 2007 ஜனவரியில் நீதிமன்றம் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அந்த வகையில் சிங்கப்பூரின் முதல் வழக்கு என்று அது பேசப்பட்டது. உலகச் செய்தித்தாள்கள்கூட எழுதின.

அந்த வழக்கைப் பற்றி அன்று நடந்த பேச்சுகளில் இரண்டு கட்சி. திறந்து கிடந்தால் எடுத்துக்கொள்ளலாமா என்றது ஒன்று. திறந்து வைத்தவர் மேலும் பொறுப்பு இல்லையா என்றது மற்றொன்று. இரண்டு கட்சியும் விட்டுவிட்ட மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: பூட்டைச் செய்தவர். சட்டம் நுழைந்தவனைக் கேட்டது. அக்கம்பக்கம் வீட்டுக்காரரைக் கேட்டது. 2001-ல் உடைந்துபோன பூட்டை 2004-லும் பொம்மையில் மாட்டி விற்றவரை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கண்முன் இருந்தது ஒரு செட்டிங் திரை மட்டுமே. அதில் மூன்று சுருக்கெழுத்துகள் வரிசையாக இருந்தன, எது உடைந்தது என்று எந்தக் குறியும் இல்லாமல். பூட்டுக் கடையில் உடைந்த பூட்டையும் நல்ல பூட்டையும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி அடுக்கி வைத்துவிட்டு, வாங்கினவரைப் பார்த்து "நீங்கள் ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்பதுபோலத்தான் இது.

ஆறு இடங்கள், இரண்டு காலம்

2008 நவம்பரில் ஜப்பானில் டி.எஸ்.ஐ. வந்தது. அதன் இணைய அமைப்பில் ஆறு இடங்கள் இருந்தன. 1 முதல் 3 வரை பழைய பூட்டுக்கு. 4 முதல் 6 வரை புதிய பூட்டுக்கு. சரி, தீர்ந்தது என்று பெற்றோர் நினைத்திருப்பார்கள். தீரவில்லை. பழைய டி.எஸ். அட்டையைப் போட்டால் அது முதல் மூன்று இடங்களை மட்டும்தான் பார்க்கும். கருவி வளர்ந்துவிட்டது, அட்டைக்குள் இருந்த மென்பொருள் 2005-லேயே நின்றுவிட்டது. 2011-ல் வந்த 3டி.எஸ்.ஸிலும் பழைய அட்டைகளுக்கு இதே கதைதான். ஒரு தவறான முடிவின் ஆயுள், அதை எடுத்த கருவியின் ஆயுளைவிட நீளமாக இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 2014 மே 20-ல் நிண்டெண்டோ அந்தச் சேவையையே மூடியது. அதோடு பழைய பூட்டை வைத்திருப்பதற்கு வீட்டில் இருந்த காரணமும் போனது. செட்டிங்கைத் திரும்ப மாற்ற எத்தனை மாமாக்கள் வந்தார்கள்?

இடையில் வேலையைச் சுலபமாக்க ஒரு முயற்சியும் நடந்தது. நீளமான கடவுச்சொல்லை விளையாட்டுக் கருவியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது தொல்லை. அதனால் 2007 ஜனவரியில் டபிள்யூ.பி.எஸ். என்ற முறை அறிமுகமானது. ரவுட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அல்லது எட்டு இலக்க எண்ணைப் போட்டால் போதும். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்த்தது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து வருவது. ஆகவே 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிகளே போதும் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் வெளிப்படுத்தினார். பொத்தானைக் கொடுத்தவர்கள், அதற்குப் பக்கத்திலேயே ஒரு சன்னலையும் திறந்து வைத்துவிட்டார்கள்.

தனி அறை

இந்தக் கதைக்கு ஒரு நல்ல திருப்பமும் உண்டு. இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் தனியாக உருவாக்கும். அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அங்கே இருக்கும் கருவி இணையத்துக்குப் போகலாம், வீட்டின் மற்ற கணினிகளைத் தொட முடியாது. பிள்ளையின் விளையாட்டுக் கருவியை அங்கே உட்கார வைத்துவிட்டால், அதற்காக வீட்டின் முன்கதவைப் பலவீனப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. நம் பாட்டிமார் வெளியாளைத் திண்ணையோடு உபசரித்து அனுப்பினார்களே, அதே ஏற்பாடுதான்.

பொறுப்பும் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. சிங்கப்பூரில் 2021 ஏப்ரலிலிருந்து விற்கும் வீட்டு ரவுட்டர்கள் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். எல்லா ரவுட்டருக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு விற்க முடியாது. பூட்டைச் செய்தவரையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் பேரம் இன்னும் ஓயவில்லை. 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. வீட்டில் புது ரவுட்டர் மாட்டி அதை மட்டும் வைத்தால், பழைய கருவி சில "நெட்வொர்க் கிடைக்கவில்லை" என்கிறது. 2013-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் வைஃபை அதன் கண்ணில் படாது. மலிவு விலை வைஃபை விளக்கும் வாசல் கேமராவும் அப்படித்தான். உடனே யாராவது ஒருவர் வருவார்: "பழசுல மாத்தி விட்டுடறேன்."

அப்படிச் சொல்பவரிடம் அடுத்த முறை இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சாமானுக்காக மாற்றும் பூட்டு, வீட்டில் வேறு யாருக்கெல்லாம் சேர்த்து மாறுகிறது? இதற்கு மட்டும் தனி அறை கொடுக்க முடியுமா? 2005-ல் முதல் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு யாரும் நமக்கு விளக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களிடம் பதிலும் இல்லை. இப்போது இரண்டுக்கும் பதில் இருக்கிறது, செட்டிங்கைத் திறந்து ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும்.